உங்களுக்குத் தெரியுமா?

தடிமனுக்குப் போடும் குளிசை, வயதான ஆண்களின் சிறுநீரை ஒரேயடியாக அடைத்துவிடலாம்!

கண்டியின் மழைக்குளிரில் மூக்கு ஒழுகியதும் கேட்டு வாங்குகிறோமே குளோர்பெனிரமின், அது சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கக்கூடியது. மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். புரோஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே பெருத்திருந்தால் சிறுநீர் வழி மூடிக்கொள்ளலாம். அப்படிப் பெருத்திருந்தால், மருந்து வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

• இளம் வயதில் இச்சுரப்பி சுமார் 20 கிராம். 60 வயதுக்குள் ஏறத்தாழ பாதி ஆண்களுக்குப் பெருக்கத் தொடங்கிவிடும். இந்தப் பெருக்கம் புற்றுநோய் அல்ல.

• எசல பெரஹெர பார்க்க மத்தியானமே நடைபாதையில் இடம்பிடித்து, இரவு வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு இருப்பதும் புரோஸ்டேட் பெருத்தவர்களுக்கு ஆபத்து.

• அடிவயிறு புடைத்து வலிக்கிறது, சொட்டும் போகவில்லையா? விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை இரண்டிலும் சிகிச்சையும் இலவசம். குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றியதுமே வலி தணியும்.

• புரோஸ்டேட் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. அப்பாவுக்கோ சகோதரருக்கோ இருந்திருந்தால், பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.