லீக்குக்கு வெளியே ஒரு கழகம்: வின்னிபெக் ஃபால்கன்ஸ்

கனடாவின் தொடக்ககால ஐஸ் ஹாக்கிக் கழகங்களுள் பல, நகரத்துச் செல்வந்தர்களின் ஆதரவில் வளர்ந்தவை. மானிட்டோபா மாகாணத்தின் வின்னிபெக் நகரில் 1909 வாக்கில் உருவான ஃபால்கன்ஸ் கழகமோ, ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகள் தாமே கட்டி எழுப்பியது. 1875இல் வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் கிம்லி என்ற குடியிருப்பை அமைத்த ஐஸ்லாந்தியரைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஆஸ்க்யா எரிமலை வெடித்து மேய்ச்சல் நிலங்களைச் சாம்பலால் மூடியதில் வாழ்விழந்தவர்களும் கப்பலேறி வந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் வேலை தேடி வின்னிபெக் நகருக்குள் வந்து, சார்ஜென்ட் அவென்யூவைச் சுற்றிக் குடியமர்ந்தனர். அங்கு ஒன்றையொன்று எதிர்த்து ஆடிவந்த இரண்டு ஐஸ்லாந்தியக் குழுக்களின் வீரர்கள் இணைந்து அமைத்த புதிய கழகம், தாய்நாட்டின் தேசியப் பறவையான வல்லூறின் பெயரை ஏற்றது.

நகரத்தின் பிற கழகங்கள் ஐஸ்லாந்திய வம்சாவளியினரைத் தம்முடன் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. இத்தயக்கம் ஆட்டத்திறன் பற்றியதன்று, பிறப்பும் வகுப்பும் பற்றியது என்பதை ஃபால்கன்ஸ் பின்னர் ஈட்டிய வெற்றிகளே உறுதிப்படுத்துகின்றன.

முதல் உலகப் போரின்போது கழகத்தின் வீரர்கள் பலர், ஸ்காண்டிநேவிய வம்சாவளியினரைக் கொண்டு திரட்டப்பட்ட 223ஆவது பட்டாலியனில் சேர்ந்து, கடல் கடக்கும் முன்னர் அப்படைப்பிரிவின் பெயரிலேயே ஹாக்கியும் ஆடினர். ஃபிராங்க் தோர்ஸ்டைன்சன், ஜார்ஜ் கம்பர்ஸ் ஆகிய இருவரும் போர்முனையிலிருந்து திரும்பவில்லை. வான்படைக்கு மாறிய அணித்தலைவர் ஃபிராங்க் ஃபிரெட்ரிக்சன் பயணம் செய்த லீசோ காசில் என்னும் கப்பல், 1918 மே மாதம் மத்தியதரைக் கடலில் நீர்மூழ்கித் தாக்குதலுக்கு இரையாகியும் அவர் உயிர் பிழைத்தார்.

நாட்டுக்காக இத்தனை இழந்து திரும்பியவர்களுக்கும் 1919–20 பருவத்தில் நகரத்தின் முதுநிலை லீக் இடம் மறுத்தது. ஃபால்கன்ஸ் அதனால் சோர்ந்துவிடாமல், செல்கிர்க், பிராண்டன் ஆகிய ஊர்களின் அணிகளுடன் தனி லீக் ஒன்றை அமைத்து அதில் முதலிடம் பெற்று, தம்மை விலக்கிய லீக்கின் வெற்றியாளரையும் வீழ்த்தியது. அமெச்சூர் முதுநிலை அணிகளுக்கான தேசியப் பரிசாகிய ஆலன் கோப்பையின் இறுதிச் சுற்றில், டொராண்டோ பல்கலைக்கழக அணியை 8–3, 3–2 என்ற கணக்கில் வென்றதால், ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கனடா சார்பில் ஆடும் உரிமையும் இக்கழகத்துக்கே கிடைத்தது. வீரர்கள் வீடு திரும்பவும் நேரமின்றி நேரே துறைமுகத்துக்குச் சென்று மெலிட்டா கப்பலில் ஏறினர். களமிறங்கிய எண்மரில், ஆலன் வுட்மன் ஒருவரைத் தவிர ஏனைய எழுவரும் ஐஸ்லாந்திய வம்சாவளியினர்.

1920 ஏப்ரலில் நடைபெற்ற அப்போட்டிகளே ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கியின் தொடக்கம். முதல் உலகச் சாம்பியன் போட்டியாகவும் அவை பின்னாளில் கணக்கிடப்பட்டன. அக்கால விதிப்படி ஓரணியில் எழுவர் ஆடினர். ஏழாமவர் ரோவர் எனப்பட்டார், அதாவது தனக்கென நிலையான இடமின்றித் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் இடையே களம் முழுதும் இயங்கியவர். மாற்று வீரர்களை இறக்க இயலாது. ஒருவர் காயமுற்று வெளியேறினால் எதிரணியும் ஒருவரை விலக்கியாக வேண்டும். செக்கோஸ்லோவாக்கியாவை 15–0 என்றும், கடும் போட்டியாளரான அமெரிக்காவை 2–0 என்றும் வென்ற ஃபால்கன்ஸ், இறுதியில் ஸ்வீடனை 12–1 என்ற கணக்கில் தோற்கடித்தது. ஸ்வீடன் வீரர்களில் பெரும்பாலோர் பேண்டி ஆட்டத்தில், அதாவது கால்பந்துத் திடலளவு பனிக்களத்தில் தட்டையான பக்குக்குப் பதிலாகப் பந்தைக் கொண்டு ஆடும் விளையாட்டில் பயின்றவர்கள் என்பதால், அவ்வெற்றியைக் காட்டிலும் அமெரிக்காவுடனான ஆட்டமே ஃபால்கன்ஸின் திறனுக்கு உண்மையான அளவுகோலாகும்.

தாயகம் திரும்பும் முன் ஃபிரெட்ரிக்சன் ஐஸ்லாந்து சென்று, அத்தீவின் ஆரம்பகால விமானிகளுள் ஒருவராகப் பணியாற்றினார். பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்து, சக வீரர் ஹால்டர்சனுடன் 1925இல் விக்டோரியா கூகர்ஸ் அணிக்காக ஸ்டான்லி கோப்பையை வென்றார். கழகத்தின் இளையோர் அணியும் 1921இல் மெமோரியல் கோப்பையைக் கைப்பற்றியது. போரில் மாண்ட கனடியப் படைவீரர்களின் நினைவாக 1919இல் நிறுவப்பட்ட பரிசு அது.