வாய்க்காலும் எல்லையும்: கும்பகோணத்தின் ஊர்ப்பெயர், நீர்ச்சொல், நிலச்சொல்

1. முன்னுரை

வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓட, அவற்றுக்கு இடைப்பட்ட வண்டல் நிலத்தில் அமைந்த நகரம் கும்பகோணம். 1866-இல் நகராட்சியாகி, 2021-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட இவ்வூரின் மக்கள்தொகை, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,40,000 ஆகும். கோயில்களாலும் மகாமகக் குளத்தாலும் அறியப்பட்ட இந்நகரை இயக்கி வந்தது சுற்றியுள்ள வேளாண்மையே. நெல், வெற்றிலை, பித்தளைப் பாத்திரம், பட்டு என இங்கு விற்று வாங்கப்படும் பொருள்களுள் பல ஆற்றின் நீரையோ ஆறு கொணரும் மண்ணையோ சார்ந்தவை.

இத்தகைய ஊரின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் இலக்கியமும் சான்றாவது போலவே, மக்கள் வழங்கும் சொற்களும் சான்றாகும். ஊர்ப்பெயர், நீர்ச்சொல், நிலச்சொல் ஆகிய மூன்றையும் முறையே ஆராய்ந்து, அவற்றை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கலைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மொழிபெயர்க்கப்பட்ட ஊர்ப்பெயர்

இவ்வூரின் பழம்பெயர் குடமூக்கு என்பதாகும். தேவாரத்தில் குடமூக்கு, குடந்தைக் கீழ்க்கோட்டம், குடந்தைக் காரோணம் என இவ்வூர்க் கோயில்கள் மூன்று குறிக்கப்படுகின்றன. நாகேசுவரர் கோயிலில் உள்ள முற்காலச் சோழர் கல்வெட்டுகளும் ஊரைத் திருக்குடமூக்கு என்றே வழங்குகின்றன. ஆழ்வார் பாசுரங்களில் பெரும்பாலும் வருவது குடந்தை என்னும் வடிவம்.

கும்பகோணம் என்பது இப்பெயரின் வடமொழியாக்கமே எனலாம். குடம் என்பதற்குக் கும்பம் நேரான சொல். வடமொழியில் 'கோணா' எனக் கனைப்பொலியுடன் தொடங்கும் சொல்லுக்கு மூக்கு என்று பொருள். ஆகவே குடமூக்கு என்னும் தொடர் உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்க்கப்பட்டுள்ளது. ஆனால் தமிழ் எழுத்தில் கனைப்பொலிக்குத் தனிக்குறி இல்லாமையால், மூக்கைக் குறிக்கும் சொல்லும் மூலையைக் குறிக்கும் 'கோணம்' என்னும் சொல்லும் ஒரே வடிவில் எழுதப்படுகின்றன. எனவே கோணம் என்பதை மூலை எனக் கொள்ளும் விளக்கமும் வழக்கில் நுழைந்தது. மூலத்தில் இருந்த 'மூக்கு' மொழிபெயர்ப்பில் மறைந்துபோனது.

மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. தஞ்சாவூர் தஞ்சை எனவும் புதுச்சேரி புதுவை எனவும் குறுகுவது போலக் கும்பகோணத்திற்கு அதன் வடிவிலிருந்து பிறந்த மரூஉப் பெயர் நிலைபெறவில்லை. அவ்விடத்தில் இன்றும் நிற்பது குடந்தையே. மொழிபெயர்ப்புப் பெயர் அலுவல் வழக்கில் அமர, மூலப்பெயர் அதன் சுருக்கமாக வாழ்கிறது.

அண்டை ஊர்ப்பெயர்களிலும் இத்தகைய மாற்றங்கள் உள்ளன. இரண்டாம் இராசராசன் எடுத்த இராசராசேச்சுரம், ராராசுரம் என மருவித் தாராசுரம் ஆயிற்று. அடுத்தடுத்து வரும் இரு ரகரங்களுள் முன்னது தகரமானது வேற்றொலியாக்கம் ஆகும். மூன்றாம் குலோத்துங்கனின் திரிபுவனவீரன் என்னும் பட்டத்தோடு தொடர்புடைய திரிபுவனம், மக்கள் நாவில் 'திரு' என்னும் பழகிய அடையைப் பெற்றுத் திருபுவனம் ஆயிற்று. சோழரின் தலைநகரங்களுள் ஒன்றாகிய பழையாறை இன்று சிற்றூர். எனினும் அருகிலுள்ள சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர் முதலிய ஊர்ப்பெயர்கள் அரண்மனையையும் படைநிலைகளையும் நினைவூட்டுகின்றன. கட்டடம் அழிந்த பின்னும் பெயர் நிற்கும் என்பதற்கு இவை சான்று.

3. நீர்ச்சொற்களின் ஒழுங்கு

காவிரிக் கழிமுகத்தில் நீரைக் குறிக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குவன அல்ல. ஒரு வரிசையில் நிற்பன. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியுமிடம் தலைப்பு. நீரை அடைக்கவும் திறக்கவும் உதவுவது மதகு. வயலுக்குள் நீர் பாயும் வழி மடை. நீரை முதலில் பெறும் நிலம் தலைமடை, இறுதியில் பெறும் நிலம் கடைமடை. பாய்ந்து எஞ்சிய நீரை வெளியேற்றுவது வடிகால். ஆற்று நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது தழை, மரக்கொம்பு, மணல் கொண்டு குறுக்கே போடும் தற்காலிகத் தடுப்பு கொரம்பு. கரையை ஒட்டிய வண்டல் நிலம் படுகை.

இச்சொற்கள் நீரின் போக்கை மட்டுமன்றி, நீரின்மேல் உள்ள உரிமையின் வரிசையையும் உணர்த்துகின்றன. 'கடைமடை' என்பது ஓர் இடத்தின் பெயராக மட்டும் அமைவதில்லை. 'கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை' என்னும் தொடர், மேலே உள்ளோர் தம் முறைக்கு மேல் எடுத்துக்கொண்டனர் என்னும் முறையீட்டையும் உள்ளடக்கியது. 'முறை' என்னும் சொல்லே இங்கு நீதியையும் பாசனத் தவணையையும் ஒருங்கே குறிக்கிறது.

பயிர்ப் பருவப் பெயர்களும் இவ்வாறே. குறுகிய காலத்தில் விளைவது குறுவை. நெடுங்காலப் பயிர் சம்பா. குறுவை அறுத்த தாளின் அடியில் நடப்படுவது தாளடி. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், ஜூன் 12 அணை திறக்கும் மரபு நாளாயிற்று. அந்நாளில் நீர் வாராத ஆண்டுகளில் குறுவை சுருங்குகிறது. குறுவை இல்லையேல் தாளடி என்னும் சொல்லுக்கும் அவ்வாண்டில் பொருள் இல்லை.

4. நிலச்சொற்களின் இரு அடுக்குகள்

நிலம் பற்றிய சொற்களில் இரு அடுக்குகளைத் தெளிவாகக் காணலாம். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, களம், போர் முதலிய உழைப்புச் சொற்கள் தமிழாக உள்ளன. மிராசு, கிஸ்தி, பசலி முதலிய உடைமை, வரிச் சொற்கள் அரபு மூலமுடையவை. அயலார் ஆட்சியிலும் அதன் அலுவலகங்களிலும் வேரூன்றியவை. 'குடிமராமத்து' என்னும் சொல்லில் இவ்விரு அடுக்குகளும் இணைகின்றன. குடி தமிழ், மராமத்து அரபு வழி வந்தது. ஊரார் தாமே கூடி வாய்க்காலைத் தூர்வாரும் வழக்கத்தைக் குறித்த இச்சொல், 2017-இல் தமிழக அரசின் திட்டப் பெயராக மீண்டும் புழக்கத்திற்கு வந்தது.

அளவைச் சொற்களுள் மா, வேலி ஆகியன இன்றும் வழங்குகின்றன. இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். 'மா' என்பது இருபதில் ஒரு பங்கு என்னும் பின்ன எண்ணின் பெயரும் ஆதலால், வேலியே முழு அளவாகவும் மா அதன் பகுதியாகவும் கருதப்பட்டமை புலனாகும்.

வெற்றிலைத் தோட்டம் கொடிக்கால் எனப்படும். கொடி படர அகத்தி நடப்படும். நூறு இலை கொண்ட கட்டு கவுளி. கும்பகோணம் வெற்றிலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. சுவாமிமலைச் சிற்பிகள் ஐம்பொன் படிமங்களுக்கு வார்ப்புக்கூடு செய்யப் பயன்படுத்துவதும் காவிரியின் வண்டல் மண்ணே. 'வண்டல்' என்னும் ஒரே சொல் உழவர்க்கு வளத்தையும் சிற்பிக்கு வார்ப்புக்கூட்டையும் குறிப்பதைக் காணலாம்.

5. எல்லை கூறும் தொடர்

சோழர் கல்வெட்டுகள் நிலத்தை அடையாளம் காட்டும் முறை தனித்தன்மை வாய்ந்தது. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என அது அமையும். வதி கிழக்கு மேற்கு எல்லையாகவும், வாய்க்கால் வடக்கு தெற்கு எல்லையாகவும் கூறப்படுதலின், முன்னது தென்வடலாகவும் பின்னது கீழ்மேலாகவும் சென்றன என அறியலாம். கண்ணாறு கிளை வாய்க்கால். சதிரம் சதுரமான நிலப்பகுதி. நிலம் நீர்வழிகளால் கட்டமிடப்பட்டிருந்தது என்பதே இத்தொடரின் உட்பொருள்.

இன்றைய கிரயப் பத்திரங்களிலும் இவ்வமைப்பு தொடர்கிறது. நான்கெல்லையைக் குறிக்கும் 'சக்குபந்தி' என்னும் சொல் பிறமொழி வரவு. ஆயினும் அதன்கீழ் எழுதப்படும் தொடர், நான்காம் வேற்றுமைப் பெயரை அடுத்துத் திசைச்சொல் வரும் பழைய அமைப்பையே உடையது: வாய்க்காலுக்கு வடக்கு, வரப்புக்குக் கிழக்கு. வதியும் சதிரமும் வழக்கிழந்தன, தலைப்புச்சொல் மாறியது, தொடரமைப்பு ஆயிரம் ஆண்டுகளாக மாறவில்லை.

இங்கேதான் மொழிச் சிக்கல் வாழ்க்கைச் சிக்கலாகிறது. வாய்க்கால் தூர்ந்து மனையானால், 'வாய்க்காலுக்கு வடக்கு' என்னும் தொடர் சுட்டும் பொருளின்றி நிற்கும். அதை நம்பியுள்ள உரிமையும் தடுமாறும். மழைநீர் வடியும் வழியும் மறையும். ஐதராபாத் நகரம் இதற்கோர் எச்சரிக்கை. அங்குள்ள மாசப் டேங்க் என்னும் பகுதியின் பெயர் மாசாகிபா ஏரியிலிருந்து வந்தது. ஏரி இன்று இல்லை. அவ்விடத்தில் பூங்கா உள்ளது. பெயர் மட்டும் எஞ்சியது. காவிரிக் கழிமுகத்தை வேளாண் மண்டலமாகக் காக்கத் தமிழகச் சட்டமன்றம் 2020-இல் சட்டம் இயற்றியது. சட்டம் நிலத்தைக் காக்கலாம். அந்நிலத்தைப் படிக்க உதவும் சொற்களைக் காப்பது அகராதியாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பணி.

6. மொழிபெயர்ப்பாளர்க்குரிய கருத்துகள்

தெலுங்கில் வாய்க்காலுக்குக் 'காலுவ' என்னும் இனச்சொல் உண்டு. ஆனால் வாய்க்கால், வடிகால், கண்ணாறு மூன்றையும் காலுவ என்றே பெயர்த்தால், நீரைக் கொணர்வதும் கொண்டுசெல்வதும் ஒன்றாகிவிடும். ஆங்கிலப் பெயர்ப்பிலும் இக்குறை நேரும். எனினும் 'அணைக்கட்டு' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் 'ஆனிக்கட்' எனக் கலைச்சொல்லாகவே புகுந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் எழுப்பிய மேலணையும் கீழணையும் அப்பெயராலேயே ஆங்கில ஆவணங்களில் குறிக்கப்பட்டன. பொறியாளர் கடன்வாங்கத் தயங்காத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தயங்க வேண்டியதில்லை.

எனவே, வரிசையில் நிற்கும் சொற்களை வரிசை குலையாமல் பெயர்த்தல். நேர்ச்சொல் இல்லாதபோது மூலச்சொல்லை வைத்து முதல் வருகையில் விளக்குதல். தமிழ் அடுக்கையும் அரபு அடுக்கையும் ஒரே நடையில் கலந்துவிடாமை ஆகிய மூன்றும் கடைப்பிடிக்கத்தக்கன.

7. முடிவுரை

கும்பகோணம் நூற்பணிக்கும் பெயர்பெற்ற ஊர். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இவ்வூர்க் கல்லூரியில் பணியாற்றியபோதே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மகாபாரதத்தின் பெரிய தமிழ் மொழிபெயர்ப்பு, ம.வீ. இராமானுசாசாரியாரின் நெடுநாள் உழைப்பால் இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. ஏட்டுச் சொல்லைக் காத்த இவ்வூரின் வயற்சொற்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு வாய்க்காலின் பெயரும் அதன் தலைப்பு, கடைமடை ஆகியவற்றோடு பதிவு செய்யப்படுமாயின், அத்தொகுப்பு சொல்லகராதியாக மட்டுமன்றி, நீரின் வழியைக் காட்டும் வரைபடமாகவும் பயன்படும்.