முன் சக்கரங்கள் உங்கள் கையில்!

தேர்வு நெருங்குகிறது. புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. 'பயப்படாதே' என்கிறார்கள் வீட்டில். சொன்னவுடன் பயம் போய்விடுகிறதா? இல்லையே! ஏன்?

இதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் வில்லியம் கிளாஸர் (1925–2013) ஒரு காரை உதாரணம் காட்டி விடை கூறினார். நம் நடத்தை ஒவ்வொன்றிலும் செயல், சிந்தனை, உணர்ச்சி, உடல் மாற்றம் ஆகிய நான்கும் சேர்ந்தே இருக்கின்றன. இவையே காரின் நான்கு சக்கரங்கள். செயலும் சிந்தனையும் முன் சக்கரங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இவைதாம் திரும்பும். உணர்ச்சியும் உடல் மாற்றமும் பின் சக்கரங்களாகத் தொடர்ந்து வரும். படபடப்பை நேரடியாக நிறுத்த உங்களால் முடியாது. ஆனால் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க முடியும் அல்லவா?

கிளாஸர் 1956-இல் கலிபோர்னியாவின் வென்ச்சுராவில், குற்றம் புரிந்த சிறுமிகளுக்கான சீர்திருத்தப் பள்ளியில் பணியாற்றத் தொடங்கினார். அக்காலத்தில் ஃபிராய்டின் வழியைப் பின்பற்றிய மருத்துவர்கள், நோயாளியின் குழந்தைப் பருவத்தைத் துருவிக் காரணம் தேடினர். கிளாஸரோ, நடந்து முடிந்ததை மாற்ற இயலாது, இன்று செய்வதை மாற்றலாம் என்றார். 'ரியாலிட்டி தெரபி' எனப்படும் இம்முறையை 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இதில் ஆலோசகர் கேட்பவற்றை நான்கு கேள்விகளாகச் சுருக்கலாம்:

1. உனக்கு என்ன வேண்டும்?
2. அதற்காக இப்போது என்ன செய்கிறாய்?
3. அது பலன் தருகிறதா?
4. இனி என்ன செய்யப் போகிறாய்?

மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. அதற்குத் தீர்ப்பு கூற வேண்டியவர் ஆலோசகர் அல்லர், நீங்களே! நான்காவதற்கு, 'நன்றாகப் படிப்பேன்' என்பது விடையாகாது. 'இன்று மாலை 6 மணிக்கு இயற்கணிதத்தில் இரண்டு கணக்குகள் போடுவேன்' என்பதே திட்டம். அது தவறினால் தண்டனை கிடையாது, சாக்குப்போக்கும் கேட்கப்படாது. வேறு திட்டம் போட வேண்டியதுதான்.

எல்லாமே நம் தேர்வுதானா? இல்லை. வறுமையையோ, பிறர் இழைக்கும் கொடுமையையோ யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மனநோய்களுக்கு மருந்து தேவையில்லை என்ற போக்கில் கிளாஸர் கூறியதைப் பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்பதில்லை. ஆகவே, வாரக்கணக்கில் சோர்வும் தூக்கமின்மையும் நீடித்தால் மறைக்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி, மருத்துவரைப் பாருங்கள். உதவி கேட்பதும் ஒரு செயல்தான். அதுவும் முன் சக்கரமே.