வெப் பக்கத்தில் வேண்டியதை மட்டும் எடுப்பது எப்படி?

ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்யும் என் மாமாவுக்கு ஒரு பழக்கம். தினமும் காலையில் ஒரு வெப்சைட்டைத் திறந்து, விலையை நோட்டில் எழுதிக்கொள்வார். "நீதான் கம்ப்யூட்டர் இன்ஜினீயராச்சே மாப்ளே, இதை அதுவே எழுதிக்கற மாதிரி பண்ணித் தரக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டார். சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது.

பிறகு ஒரு நாள் போன் வந்தது. "விரலி மஞ்சள் விலைன்னு உன் புரோகிராம் காட்டறது கிழங்கு மஞ்சள் விலைப்பா. நாலு நாளா இப்படித்தான் இருக்கு. இதை நம்பி ஒரு பார்ட்டிக்கு ரேட் சொல்லிட்டேன்." விரலியைவிடக் கிழங்குக்கு விலை குறைவு. மாமா சொன்ன சொல்லை மாற்றவில்லை. நஷ்டத்திலேயே சரக்கைக் கொடுத்தார்.

புரோகிராம் நின்றுபோகவில்லை, எரர் மெசேஜ் எதுவும் காட்டவில்லை. தவறான விலையை ஒழுங்காக எழுதிக்கொண்டே இருந்தது. ஏன் இப்படி நடந்தது? இந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? இனி பார்ப்போம்.

பக்கத்துக்குப் பின்னால் இருப்பது

நாம் பார்க்கும் ஒவ்வொரு வெப் பக்கமும் எச்.டி.எம்.எல். என்ற மொழியில் எழுதப்பட்டது. தலைப்பு, பத்தி, படம், அட்டவணை என ஒவ்வொன்றும் ஒரு டேக்குக்குள் இருக்கும். பல டேக்குகளுக்குக் கிளாஸ், ஐடி என்ற பெயர்களும் இருக்கும். கிளாஸ் என்பது வகுப்பின் பெயர் மாதிரி, பலருக்குப் பொதுவானது. ஐடி என்பது ரோல் நம்பர் மாதிரி, ஒருவருக்கு மட்டுமே உரியது.

ஒரு பக்கத்தில் எந்தப் பகுதி வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொல்லும் சிறு வாசகத்தை செலக்டர் என்கிறோம். இது முதலில் பக்கத்தை அழகுபடுத்த வந்தது. ஹோகன் வியூம் லீ 1994-ல் முன்வைத்து, 1996-ல் டபிள்யூ3சி அமைப்பு ஏற்றுக்கொண்ட சி.எஸ்.எஸ்., "இந்த கிளாஸுக்கு இந்த நிறம்" என்று சொல்வதற்கு செலக்டரைப் பயன்படுத்தியது. அதே செலக்டரை வைத்துத்தான் இன்று புரோகிராம்கள் தகவலை எடுக்கின்றன. புள்ளி வைத்துப் பெயர் எழுதினால் கிளாஸ். # வைத்து எழுதினால் ஐடி.

நீங்களே செய்து பாருங்கள்

பயிற்சிக்கென்றே உருவாக்கப்பட்ட தளம் 'புக்ஸ் டாட் டூஸ்கிரேப் டாட் காம்'. 50 பக்கங்களில் 1000 புத்தகங்கள் உள்ளன. விலை, ரேட்டிங் எல்லாம் சும்மா போட்டவை என்று தளமே அறிவித்திருக்கிறது. அதனால் தைரியமாகப் பழகலாம்.

1. குரோம் பிரௌசரில் இந்தத் தளத்தைத் திறக்கவும். ஏதாவது ஒரு விலையின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. திறக்கும் பகுதியில் விலைக்கு உரிய டேக் ஹைலைட் ஆகும். அதில் 'ப்ரைஸ்_கலர்' என்ற கிளாஸ் பெயரைக் காணலாம்.

3. அந்தப் பகுதிக்குள் ஒருமுறை கிளிக் செய்து, கண்ட்ரோல் + எஃப் அழுத்தவும். வரும் பெட்டியில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் பெயரைத் திரையில் உள்ள அதே ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்.

மொத்தம் 20 கிடைத்ததாக எண் காட்டும். பக்கத்தில் இருப்பதும் 20 புத்தகங்கள்தான். உங்கள் செலக்டர் சரி. பைத்தான் மொழியில் பியூட்டிஃபுல் சூப் என்ற தொகுப்பைப் பயன்படுத்துவோர், இதே செலக்டரை அப்படியே அதன் 'செலக்ட்' கட்டளைக்குக் கொடுக்கலாம்.

புத்தகத்தின் தலைப்பையும் இன்ஸ்பெக்ட் செய்து பாருங்கள். நீளமான தலைப்புகள் திரையில் பாதியில் நின்று, மூன்று புள்ளிகளுடன் முடியும். முழுப்பெயர் டேக்குக்குள் 'டைட்டில்' என்ற இடத்தில் இருக்கும். நட்சத்திர ரேட்டிங்குக்கு எழுத்தே கிடையாது. எத்தனை நட்சத்திரம் என்பது கிளாஸ் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. திரையில் தெரிவதை மட்டும் எடுத்தால் போதாது என்பதற்கு இவை உதாரணம்.

நான் செய்த தவறு

இன்ஸ்பெக்ட் பகுதியில் ஒரு டேக்கின் மேல் ரைட் கிளிக் செய்தால், 'காப்பி' மெனுவில் 'காப்பி செலக்டர்' என்ற வசதி இருக்கும். நான் அதைத்தான் பயன்படுத்தினேன். ஐடி இல்லாத அட்டவணையில் அது தரும் செலக்டருக்குப் பொருள் இவ்வளவுதான்: "முதல் வரிசையில் மூன்றாவது கட்டம்." அதாவது இடத்தைச் சொல்கிறது, பொருளைச் சொல்வதில்லை. அந்த வெப்சைட்டில் ஒரு நாள் கிழங்கு மஞ்சளை முதல் வரிசைக்கு மாற்றினார்கள். என் புரோகிராம் சொன்னபடியே முதல் வரிசையை எடுத்தது.

தெருவில் "மூன்றாவது வீடு" என்று அடையாளம் சொன்னால், நடுவில் ஒரு புது வீடு வந்ததும் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடும். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

திருத்திய புரோகிராம் எல்லா வரிசைகளையும் படிக்கிறது. எந்த வரிசையின் முதல் கட்டத்தில் 'விரலி' என்று இருக்கிறதோ, அந்த வரிசையின் விலையை மட்டும் எடுக்கிறது. எக்ஸ்பாத் என்ற இன்னொரு முறையில் இதை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

நினைவில் கொள்ள

* இடத்தைவிடப் பெயர் நம்பகமானது. ஆனால் சில தளங்களில் கிளாஸ் பெயர்கள் அர்த்தமில்லாத எழுத்துக் கோவையாக இருக்கும். தளத்தைப் புதுப்பிக்கும்போது அவை மாறிவிடலாம். அவற்றை நம்ப வேண்டாம்.

* ஒரே கிளாஸ் பல இடங்களில் வரலாம். பயிற்சித் தளத்தில் பல புத்தகங்களின் தனிப்பக்கத்தில், முன்பு பார்த்த புத்தகங்களின் விலையும் கீழே வரும். அவற்றுக்கும் அதே கிளாஸ்தான். எனவே "இந்தப் பெட்டிக்குள் இருக்கும் விலை" என்று எல்லை வகுத்துக் கேளுங்கள்.

* எத்தனை கிடைக்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஒன்றுதான் வர வேண்டும் என்றால், ஒன்றுமே வராவிட்டாலும் இரண்டு வந்தாலும் புரோகிராம் நின்று, உங்களிடம் சொல்ல வேண்டும்.

* தளத்தின் விதிமுறைகளையும், புரோகிராம்கள் எங்கே வரலாம் என்று சொல்லும் 'ரோபோட்ஸ் டாட் டி.எக்ஸ்.டி.' பைலையும் முதலில் பாருங்கள். அடுத்தடுத்து வேகமாகப் பக்கங்களைக் கேட்டுச் சர்வரைத் திணறடிக்காதீர்கள்.

மாமா இப்போதும் அதே புரோகிராமைத்தான் பயன்படுத்துகிறார். விலைக்குப் பக்கத்தில் எந்த ரகம் என்பதையும், பக்கத்தில் இருந்தபடியே எடுத்துக் காட்டுமாறு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே ரேட் சொல்கிறார். நீங்கள் எழுதும் புரோகிராமிலும் இந்த ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள்.