மல்லாட்டைக் கொல்லையில் மரம்

புதுச்சேரி மடுகரை வட்டாரத்தில் புதிதாகச் சவுக்கு வைத்த கொல்லையில் முதல் வருஷம் மரம் தெரியாது, மல்லாட்டை எனும் வேர்க்கடலைதான் தெரியும். ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு நாலாயிரம் கன்று பிடிக்கும். அவை முழங்கால் உயரத்தில் நிற்கும்போதே நடுவில் மல்லாட்டையோ உளுந்தோ போட்டு எடுத்தால் செலவில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடும். அடுத்த வருஷம் நிழல் கட்டிவிடும். மூன்று, நான்கு வருஷத்தில் வெட்டு: பருத்தது காகித ஆலைக்கு, நேரானது சாரத்துக்கும் பந்தலுக்கும், மிலாறு அடுப்புக்கு.

ஒரு கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கொத்துக்கொத்தாக முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துத் தருகிறது. மல்லாட்டை வேரிலும் முடிச்சு உண்டு. அங்கே இருப்பது ரைசோபியம், வேறு சாதி. பழைய சவுக்குத் தோப்பு மண்ணை நாற்றங்காலில் கலப்பது ஃபிராங்கியாவைக் குடியேற்றத்தான்.

இதைக் காடு என்று சொல்ல முடியாது. இந்தக் கடற்கரைப் பகுதியின் அசல் காடு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருந்தும் கோடையில் பச்சை மாறாத குட்டை மரக்காடு: காசான், வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி. இன்று அது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மரக்காணம் பக்கத்துப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற இடங்களில்தான். சாமிக்குப் பயந்து யாரும் அங்கே கத்தி வைப்பதில்லை என்பார்கள். விறகும் கழியும் கொல்லையிலேயே விளைவதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அய்யனாருக்குச் சவுக்கு செய்த உதவியை யாரும் பேசுவதில்லை.

சவுக்கை மட்டுமே நம்புவதும் ஆபத்து. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரி, பலாவோடு சவுக்கும் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்தது. அதற்காகச் சவுக்கை எடுத்துவிட்டுக் கருங்காலி வை என்று விவசாயியிடம் சொல்வது அபத்தம். அது வெட்டுக்கு வருவதற்குள் பேரன் கிழவனாகிவிடுவான். கேட்க வேண்டியது வரப்போரத்தையும் வேலியோரத்தையும்தான். அங்கே நாவலும் புங்கனும் இருக்கிற பனையும் நின்றால், கோயில் காட்டில் பழம் தின்ற சின்னான் குருவி வந்து உட்கார இடம் கிடைக்கும். எச்சத்தோடு விதையும் விழும். பனைமேல் ஆலும் அரசும் முளைப்பது இப்படித்தான்.

இப்படிக் கொல்லையில் பயிரோடு மரம் வளர்ப்பதற்கென 2014-இல் தேசிய வேளாண்காடு வளர்ப்புக் கொள்கை கொண்டுவந்த இந்தியாதான் இத்துறையில் தனிக் கொள்கை வகுத்த முதல் நாடு. சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் உள்ள அனுமதிச் சிக்கலைத் தளர்த்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. சவுக்குக்கு அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை, துணிந்து நடுகிறார்கள். சந்தனம் வைத்தவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.