மூட்டைக்கு ஒரு பங்கு: ஐந்நூற்றுவர் செய்த திருப்பணி

ஒரு திருக்கோயிலைக் கண்டதும் அதைக் கட்டிய மன்னர் யார் என்று கேட்பது நம் வழக்கம். கட்டிய கோயிலில் நாள்தோறும் விளக்கெரிய எண்ணெய் தந்தவர் யார் என்று கேட்போர் குறைவு. சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரிக்கு அருகில் உள்ளது திருக்கொடுங்குன்றம் என்னும் பிரான்மலை. திருஞானசம்பந்தப் பெருமான் பாடிய பாண்டி நாட்டுத் தலம். அங்கு 13-ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று இக்கேள்விக்கு விடை தருகிறது.

பல ஊர் வணிகர்கள் ஒன்றுகூடி, தாங்கள் வாங்கி விற்கும் சரக்குகளின் மீது ஒரு சிறு பங்கை இக்கோயிலுக்கு அளிப்பதென முடிவு செய்தனர். அதற்குப் பட்டணப்பகுடி என்று பெயர். உப்பு, அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர் எனப் பட்டியல் நீள்கிறது. குதிரையும் யானையும்கூட விட்டுவைக்கப்படவில்லை! அரசாணைக்கு அஞ்சி விதித்துக்கொண்டதன்று. வணிகர் தாமே மனமொப்பி ஏற்ற கட்டுப்பாடு. ஒருவருக்கும் சுமையாகாத அளவு. ஆயினும் சந்தை கூடும்வரை வற்றாத வருவாய். பெருங்கொடை ஒருநாள் வரும். இதுவோ மூட்டைதோறும் வந்துகொண்டிருக்கும்.

இம்முடிவை எடுத்தவர்களுள் தலையாயோர் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவினர். இவர்களின் தொடக்கம் இன்றைய கர்நாடகத்தில் உள்ள ஐகொளெ. அவ்வூரின் பழம்பெயர் ஐயபொழில். அதனால் ஐயபொழில் பரமேசுவரியின் மக்கள் என்று தங்களைப் பெருமையுடன் கூறிக்கொண்டனர். குல வேறுபாடும் மொழி வேறுபாடும் கடந்து பல நாட்டு வணிகரும் இதில் இணைந்ததால் நானாதேசிகள் என்றும் பெயர் பெற்றனர். வழியில் கள்வர் அச்சம் மிகுதி. ஆகவே வணிகச் சாத்துகளுக்குக் காவலாக வீரர்களையும் வைத்திருந்தனர்.

கடல் கடந்தும் இவர்கள் சென்றனர். சுமத்திராவின் பாரூசுக்கு அருகில் கிடைத்த, கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வரும் மரக்கலத்தார் செலுத்த வேண்டிய பொன்னைக் கத்தூரியின் விலையைக் கொண்டு வரையறுக்கிறது. மியன்மாரின் பாகான் நகரில் நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயில் இருந்தது. மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் 13-ஆம் நூற்றாண்டில் அக்கோயிலுக்குத் திருமண்டபமும் திருக்கதவும் அமைத்து, நின்றெரியும் விளக்கொன்றும் அளித்தார். பொருள் தேடிச் சென்ற இடத்திலும் விளக்கை மறவாத அன்பு அது.

ஐந்நூற்றுவர் என்ற குழு இன்று இல்லை. ஆயினும் சரக்கின் மீது அறப்பங்கு எடுக்கும் வழக்கம் மகமை என்ற பெயரில் நம் காலம்வரை வந்துள்ளது. செட்டிநாட்டு நகரத்தார் தம் வணிகத்தில் மகமை எடுத்துப் பல சிவாலயங்களைப் புதுப்பித்தனர். தென்மாவட்ட நாடார் உறவின்முறைகள் மகமைப் பணத்தைக் கொண்டு கோயில்களோடு பள்ளிகளையும் நடத்தின. பெருந்தலைவர் காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் பெற்ற பிடியரிசியால் வளர்ந்தது என்பதையும் இங்கு எண்ணலாம். இவர்கள் ஐந்நூற்றுவரின் நேர் வழியினர் என்று சொல்வதற்கில்லை. அறம் செய்யும் முறைதான் ஒன்று.

பிரான்மலைக்கு வரும் அன்பர்கள் அடிவாரத்தில் கொடுங்குன்றநாதரையும் குயிலமுதநாயகியையும், மேலே மங்கைபாகரையும் தேனம்மையையும் வழிபட்டபின், கல்லெழுத்துகளையும் சற்று நின்று காண வேண்டுகிறோம். எந்தக் கோயிலாயினும் எழுத்துள்ள சுவரில் விபூதி, குங்குமம் தடவுவதும், எண்ணெய்க் கையைத் துடைப்பதும், சூடம் ஏற்றுவதும் வேண்டா. திருப்பணியின்போது அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்போ வண்ணமோ பூசப்படுவதைக் கண்டால், உடனே கோயில் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.