இரத்தக் கொழுப்பு குறைந்தால் புற்றுநோய் வருமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தில் என் தந்தையார் ஓட்டுநர். சென்ற ஆண்டு நடந்த உடற்பரிசோதனையில் அவருடைய இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்திருப்பது தெரியவந்தது. நாள்தோறும் இரவில் ஒரு மாத்திரை சாப்பிடும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு ஒருநாள் மாத்திரை அட்டை அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடப்பதைக் கண்டேன்.

"கொழுப்பு ரொம்பக் குறைஞ்சா கேன்சர் வருமாம்ப்பா. ஷிப்டுக்கு வர்ற ஒருத்தர் சொன்னாரு" என்றார்.

விலங்கியல் படிக்கும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பின்னர் படித்தும் ஆசிரியரிடம் கேட்டும் அறிந்ததை மாணவ நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கொலஸ்டிரால் என்றதும் நாம் அதைப் பகைவனாகவே எண்ணுகிறோம். உண்மையில் அது மெழுகு போன்ற ஒரு பொருள். நம் கல்லீரலே அதைத் தயாரிக்கிறது. உயிரணுக்களின் சவ்வுக்கும், பித்த அமிலங்களுக்கும், சில ஹார்மோன்களுக்கும் அது மூலப்பொருள். அளவு மிஞ்சினால்தான் இரத்தக் குழாய்களில் படிந்து மாரடைப்புக்கு வழி செய்கிறது.

தந்தையாரிடம் அந்த நண்பர் சொன்னது முழுக் கட்டுக்கதையன்று. 1980ஆம் ஆண்டை ஒட்டி மேல்நாடுகளில் வெளியான சில ஆய்வுகளில், கொலஸ்டிரால் மிகக் குறைவாக இருந்தவர்களிடையே புற்றுநோய் மரணம் சற்று மிகுதியாகக் காணப்பட்டது. நம் நாட்டிலும், அகமதாபாத்திலுள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் கொலஸ்டிரால் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

ஆனால் எது முன், எது பின் என்பதே கேள்வி. தெருவில் குடைகள் விரியும்போது மழை பெய்கிறது. அதனால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்போமா? புற்றணுக்கள் விரைந்து பெருகுபவை. புதிய அணுக்களுக்குச் சவ்வு அமைக்கக் கொலஸ்டிரால் வேண்டும். அதை அவை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. இரத்தப் புற்றுநோயாளிகளிடம் இது 1985இல் எடுத்துக்காட்டப்பட்டது. ஆகவே நோய் வெளியே தெரியுமுன்பே கொலஸ்டிரால் இறங்கிவிடக்கூடும். அந்த இறக்கம் நோயின் விளைவே தவிரக் காரணமன்று.

இதைச் சோதிக்க 1986இல் நெதர்லாந்து அறிஞர் மார்ட்டின் கட்டான் ஓர் அழகான வழி கூறினார். சிலர் பிறவியிலேயே, மரபணுவின் காரணமாகக் கொலஸ்டிரால் குறைந்தவர்கள். அவர்களுடைய குறைவு நோயால் வந்ததாக இருக்க முடியாது. குறைவுதான் புற்றுநோய்க்குக் காரணம் என்றால் இவர்களுக்கு அந்நோய் மிகுதியாக வர வேண்டும் அன்றோ? முதியவர்களிடம் இந்த வழியில் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்திருந்தோரிடம் புற்றுநோய் மிகுதியாகத் தென்பட்டது. பிறவிக் கூறால் குறைந்தோரிடமோ அவ்வாறு மிகவில்லை.

மாத்திரைகளைப் பற்றியும் ஐயம் தீர்ந்திருக்கிறது. 27 மருத்துவச் சோதனைகளில் பங்குகொண்ட ஏறத்தாழ 1,75,000 பேரின் விவரங்களை ஒருங்கே ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். சராசரியாக ஐந்தாண்டுக் காலத்தில், ஸ்டாட்டின் மாத்திரையால் புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எனினும் ஒரு எச்சரிக்கை உண்டு. மாத்திரையோ உணவுக் கட்டுப்பாடோ இல்லாமலே கொலஸ்டிரால் இறங்கி, உடல் எடையும் குறைந்தால் மகிழ்ந்துவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் பகுதியில் அஞ்ச வேண்டியது வேறொன்று. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட வாயில் ஒதுக்கும் புகையிலை வாய்ப்புற்றுநோய்க்குத் தெளிவான காரணம். இரண்டு, மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண் இருந்தால் காலம் கடத்தலாகாது. நமக்கு அருகே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1969இல் புற்றுநோய்க்கு நாம் பறிகொடுத்த அறிஞர் அண்ணாவின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், மறுநாள் மருத்துவரிடம் போய், இடையில் நிறுத்திவிட்டதை ஒளிக்காமல் சொன்னார். அன்றிரவே அட்டை பிரிக்கப்பட்டது. "வண்டியில அவருக்கும் இதைச் சொல்லணும்" என்றார். நாம் கற்கும் கல்வி நம் வீட்டு அலமாரி வரையிலாவது எட்ட வேண்டும் என்று அன்று உணர்ந்தேன்.